காமேஸ்வரனின் வேட்டி: குத்தாம்புள்ளிக் கரைமுண்டும் ஈரிழைத் துண்டும், பதினான்கு மாதம் உடுத்திய பிறகு

பதினான்கு மாதங்களாக வாரத்தில் நான்கு நாளாவது உடுத்திவரும் ஒரு வேட்டியைப் பற்றியும், அதனுடன் வாங்கிய இரண்டு துண்டுகளைப் பற்றியும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வேட்டி, கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள குத்தாம்புள்ளியில் கைத்தறியில் நெய்த எட்டு முழக் கரைமுண்டு. துண்டு, மலையாளிகள் தோர்த்து என்று சொல்லும் ஈரிழைத் துண்டு. இவற்றை வாங்கத் தூண்டியது கடைகளின் விளம்பரமோ திருமண அழைப்போ அன்று. 1990 தீபாவளிக்கு வெளியான ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்ற திரைப்படம்.

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேஸி மோகன் உரையாடல் எழுதிய அந்தப் படத்தை வசனத்துக்காகவே மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள், வீட்டில் உறங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்க்க நேர்ந்தது. காதுக்கு வேலை இல்லாதபோதுதான் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. கமல்ஹாசன் என்ற ஒரே மனிதர் நான்கு பேராக வருகிறார், முகம் ஒன்றுதான், இருந்தும் ஒரு சட்டகத்தில் யார் யார் என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வருவதில்லை. தலைமுடியும் மீசையும் கொஞ்சம் உதவுகின்றன என்றாலும், பெரும்பாலான வேலையை உடைதான் செய்கிறது. வெளிநாட்டில் படித்த மதனுக்குக் கோட்டும் மூக்குக் கண்ணாடியும், தீயணைப்புப் படை வீரன் ராஜுவுக்குக் காக்கியும், திருட்டுத் தொழிலில் வளர்ந்த மைக்கேலுக்கு ஒரு முரட்டுத் தோற்றமும், பாலக்காட்டுச் சமையல்காரன் காமேஸ்வரனுக்கு வேட்டியும் துண்டும் நெற்றிப்பூச்சும். மதனின் இடத்தில் ராஜு ஆள்மாறாட்டம் செய்யும் பகுதியில், கோட்டு மாட்டிய உடனேயே வீட்டார் அவனை மதன் என்று ஏற்றுக்கொள்வது வெறும் நகைச்சுவை வசதி அன்று. உடை ஒருவரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறது என்பதைப் படம் தன் கதையின் அச்சாணியாகவே வைத்திருக்கிறது.

அப்படியானால் தினமும் உடுத்துவதற்கு இந்த நான்கில் எது உதவும் என்று எண்ணிப் பார்த்தேன். மதனின் கோட்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஆகாது. குளிரூட்டிய அறைக்குள்ளேயே வாழ்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். ராஜுவின் காக்கி ஒரு பணியின் அடையாளம்; அந்தப் பணியில் இல்லாதவர் அதை அலங்காரத்துக்காக அணிவது எனக்கு உவப்பாக இல்லை. மைக்கேலின் தோற்றம் இளமைக்கு உரியது, எனக்கு வயது நாற்பத்து மூன்று. எஞ்சியது காமேஸ்வரன். நால்வரில் மிக எளிய உடை அவனுடையதுதான், பல காட்சிகளில் சட்டைகூட இல்லை. ஆனால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது என் கண் திரும்பத் திரும்ப அவனிடமே சென்றது. அந்த வேட்டி அவனுடைய நடையை மாற்றியிருக்கிறது. சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட கல்யாண வீட்டுக் காட்சியில் அவன் பதறும் பதற்றம் முழுவதும் துணியில் தெரியும். காதல் பாட்டில் எல்லாம் மெதுவாக நகரும்போது அதே துணி காற்றில் தளர்ந்து அசையும். தைத்த ஆடை உடம்பின் மேல் இருக்கும். கட்டிய ஆடை உடம்போடு சேர்ந்து நடிக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த அசைவுதான். நெற்றிப்பூச்சையும் மற்ற அடையாளங்களையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவை ஒரு குறிப்பிட்ட மரபுக்கும் வழிபாட்டுக்கும் உரியவை. பாலக்காட்டு ஐயர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து கணவாய் வழியே சென்று கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களில் குடியேறியவர்கள். அவர்களுடைய தமிழைப் போலவே உடுத்தும் முறையிலும் இரு நிலங்களின் சாயல் உண்டு. (டெல்லி கணேஷ் ஏற்ற சமையல்காரருக்கு, 1981-இல் மறைந்த மிருதங்க மேதையின் பெயரான பாலக்காடு மணி ஐயர் என்பதையே சூட்டியிருப்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஊரும் மரபும் கண்முன் வந்துவிடுகின்றன.)

முதலில் நான் செய்தது தவறான கொள்முதல். நகரத்தின் பெரிய துணிக்கடை ஒன்றில், இடுப்பில் ஒட்டுப்பட்டையும் உள்ளே கைப்பேசிப் பையும் தைத்த வேட்டி ஒன்றை வாங்கினேன். கட்டத் தெரியாதவர்களுக்கு அது ஒரு நல்ல தொடக்கம் என்பதை மறுக்க மாட்டேன். மணமேடையில் இரண்டு மணி நேரம் நிற்கப் போதும். ஆனால் ஒட்டுப்பட்டை இடுப்பை ஓர் அளவில் பூட்டிவிடுகிறது. உண்டபின் தளர்த்த முடியாது, உட்காரும்போது மடிப்பு விரியாது, மடித்துக் கட்டினால் பட்டையின் ஓரம் வயிற்றில் குத்துகிறது. ஏழெட்டுச் சலவைக்குள் பட்டையில் நூல் பிசிறுகள் ஏறிப் பிடிமானம் போய்விட்டது. அதைவிட முக்கியமான குறை, துணி கனமாகவும் விறைப்பாகவும் இருந்ததால் காமேஸ்வரனின் அசைவு அதில் வரவே இல்லை என்பதுதான்.

அடுத்ததாக, வேறொரு கடையில் கைத்தறி என்று சொல்லி விற்றதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. கைத்தறியில் நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்கிவிடாமல் இருக்க, இரு முனைகளிலும் ஊசி பதித்த குச்சியால் அதை இழுத்துப் பிடிப்பார்கள். அந்த ஊசிகள் இரு ஓரங்களிலும் சிறு துளைகளை விட்டுச் செல்லும். நான் வாங்கிய துணியில் அந்தத் துளைகள் இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் எந்திரத்துக்கே உரிய பிசகாத ஒழுங்கில் ஓடின. துளை இருந்தால் மட்டும் கைத்தறி என்று உறுதியாகிவிடாது, ஆனால் வாங்குபவர் பார்க்கவேண்டிய முதல் இடம் அதுதான். கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது; அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குவது அதைவிட நல்லது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய பதினொரு வகைத் துணிகளில் வேட்டியும் ஒன்று என்பதை அறிந்தவர்களுக்கு, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது புரியும். எனக்கு அன்று உண்டான வருத்தம் பணத்துக்காக அன்று.

குத்தாம்புள்ளிக்குப் போகும் எண்ணம் அதன் பிறகுதான் வந்தது. கோவையிலிருந்து பாலக்காடு வழியாகச் சென்று, லக்கிடிக்கு அருகே பாரதப்புழையைக் கடந்து திருவில்வாமலை சென்றால், அங்கிருந்து சிறிது தூரத்தில் அந்த ஊர். காயத்ரி ஆறு பாரதப்புழையுடன் கூடும் இடத்தை ஒட்டி, தெருக்களில் தறிச்சத்தம் கேட்கும் சிற்றூர் அது. அங்குள்ள நெசவாளர்களில் பெரும்பாலோர் மைசூர்ப் பகுதியிலிருந்து கொச்சி அரச குடும்பத்தின் ஆதரவில் வந்து குடியேறிய தேவாங்கர்கள். இன்றும் வீட்டுக்குள் கன்னடச் சாயலுள்ள மொழி பேசுகிறார்கள். குத்தாம்புள்ளி வேட்டிக்கும், பெண்கள் உடுத்தும் இரு துண்டு உடையான செட்டுமுண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆயினும் இந்த ஊரிலேயே வெளியூர் விசைத்தறித் துணியும் விற்பனைக்கு இருக்கிறது என்பதால், ஊரின் பெயரை மட்டும் நம்பாமல் தறியைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். நான் வாங்கிய வீட்டில் முன்கூடத்திலேயே குழித்தறி இருந்தது. தரைமட்டத்துக்குக் கீழே கால் தொங்கவிட்டு அமர்ந்து மிதிக்கும் தறி. தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலான பாவில் பாதி நெய்த வேட்டி ஒன்று நின்றிருந்தது. அது முடிந்தபின் எனக்குத் தர முடியுமா என்று கேட்டதற்கு, “அது ஒருத்தருக்குச் சொல்லி வச்சது, உங்களுக்கு இது இருக்கு” என்று அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார் அந்த வீட்டு அம்மா. விலை 1,250 ரூபாய். ஈரிழைத் துண்டு ஒன்று 160 ரூபாய் வீதம் இரண்டு.

இனித் துணியைப் பற்றிச் சொல்கிறேன். இது வெளுக்காத நூலில் நெய்த கோரா வேட்டி. கடைவெள்ளை அன்று; மோரில் ஒரு துளி மஞ்சள் கலந்தால் வரும் நிறம். தமிழ்நாட்டில் அரசியல் மேடையும் விளம்பரமும் சேர்ந்து வேட்டி என்றால் கண்ணைக் கூசும் வெள்ளை என்று பழக்கிவிட்டன. அந்த வெள்ளைக்கு ஒரு சிறு சிரமம் உண்டு: அதனுடன் எந்தச் சட்டை போட்டாலும் சட்டை மங்கித் தெரியும், ஆகவே சட்டையும் வெள்ளையாகவே வேண்டியிருக்கிறது. கோரா நிறத்துடன் இலைப்பச்சை, செங்காவி, கருநீலம், மண்ணிறம் எல்லாம் இணங்கிப் போகின்றன. கரை அரை அங்குலத்துக்கும் குறைவான அகலம், மாந்தளிர் நிறம், கசவு எனும் ஜரிகை இல்லை. கசவு வைத்த முண்டு ஓணத்துக்கும் திருமணத்துக்கும் அழகு. அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் உடுத்துவதற்கு ஜரிகை இல்லாத சிறுகரையே ஏற்றது என்பது என் முடிவு.

அளந்து பார்த்தபோது நீளம் 3 மீட்டர் 85 சென்டிமீட்டர், அகலம் 1 மீட்டர் 28 சென்டிமீட்டர் இருந்தது. மூன்று சலவைக்குப் பிறகு நீளம் 3 மீட்டர் 74 ஆகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்; கணுக்கால் மறையக் கட்டினால் இடுப்பில் செருகுவதற்கு நான்கு விரற்கடைத் துணி மிஞ்சுகிறது. ஆறடிக்கு மேற்பட்டவர்கள் அகலத்தைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுவதால் துணி மெல்லியதாக இருந்தும் உள்ளே தெரிவதில்லை. நாலு முழத்தை அதே துணியில் வாங்கினால் வெயிலில் நிற்கும்போது தயக்கமாக இருக்கும், வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

கட்டிய முதல் வாரம் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோரா நூலில் இயற்கையாக உள்ள பசையும் நெய்வதற்காகப் பாவுக்கு ஏற்றிய கஞ்சியும் சேர்ந்து துணியைத் தாள் போல ஆக்கியிருந்தன. நடந்தால் சரசரவென்று ஓசை கேட்டது. நான்காம் சலவைக்குப் பிறகு பசை இறங்கி, துணி தண்ணீர் போல விழத் தொடங்கியது. படத்தில் நான் பார்த்த அசைவு அன்றுதான் கண்ணாடியில் தெரிந்தது. ஆகவே வாங்கிய உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைத்தறி வேட்டி சில சலவைகளுக்குப் பிறகுதான் தன் குணத்தைக் காட்டுகிறது.

குறையும் உண்டு. முதற் சலவையில் கரையிலிருந்து சாயம் இறங்கி, ஓரத்தை ஒட்டி ஒரு விரலளவு இளஞ்சிவப்புப் பூத்துவிட்டது. உப்புக் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடியும் அலசியதில் முக்காற்பங்கு போயிற்று, மீதி இன்றும் இருக்கிறது. முதல் அலசலை வெறும் குளிர்ந்த நீரில், மற்றத் துணிகளுடன் சேர்க்காமல், கரை வெள்ளைப் பகுதியின் மேல் படியாதவாறு விரித்துச் செய்திருக்க வேண்டும். இதை விற்பவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொன்று, கோராத் துணிக்கு நீலம் போடவே கூடாது. பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறை நீலம் முக்கியதில் வேட்டி சாம்பல் பூத்து, மூன்று சலவை வரை மீளவில்லை. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து மாதம் ஒருமுறை போட்டால் போதும். கடையில் விற்கும் கஞ்சி மாவைக் கெட்டியாகப் போட்டால் அசைவு போய் மறுபடியும் தாளாகிவிடும்.

அன்றாடம் இதை உடுத்தி வெளியே செல்ல முடியுமா என்பதுதான் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி. பேருந்தில் ஏறலாம், படிக்கட்டில் இடக்கையால் கீழோரத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டால் தடுக்காது. வண்டியைப் பொறுத்தவரை, கால் வைக்கத் தளம் உள்ள ஸ்கூட்டர் வசதி; மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது தொல்லை, சக்கரத்தில் முனை சிக்கும் ஆபத்தும் உண்டு. கைப்பேசிக்கும் சாவிக்கும், பை வைத்த பச்சை இடுப்புவாரை உள்ளே கட்டிக்கொள்கிறேன். சந்தை வியாபாரிகள் தலைமுறைகளாகக் கட்டுவது அது, அதற்கு மாற்று எதையும் இதுவரை காணவில்லை. மழைக்காலத்தில் மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே எதுவும் நனையாது. கால்சட்டைக்காரர்கள் சேறு தெறித்த ஓரங்களுடன் நாள் முழுவதும் இருக்கும்போது, வேட்டிக்காரர் காலைக் கழுவிக்கொண்டு உலர்ந்த துணியை இறக்கிவிட்டு அமர்ந்துவிடலாம். பெரியவர்கள் எதிரே வரும்போதும் அலுவலக அறைக்குள் நுழையும்போதும் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவது நம் பக்கத்து மரியாதை. ஒரு வாரம் கவனமாக இருந்தால் கை தானாகவே அதைச் செய்யும். என் அலுவலகத்தில் முதல் இரண்டு நாள் “என்ன விசேஷம்?” என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் கேட்கவில்லை. பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் 2014-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த மூன்றாம் நாளின் மௌனம் எனக்கு மிகவும் பெரியதாகப் பட்டது.

மேலே என்ன அணிவது என்பதில் நான் மெல்லமெல்லத்தான் தெளிந்தேன். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தானிட்டு அணிந்தால் மேடைப் பேச்சாளர் தோற்றம் வந்துவிடுகிறது. டி-சட்டை அணிந்தால் வீட்டிலிருந்து பால் வாங்க வந்தவர் போல இருக்கிறது. எனக்கு ஒத்துவந்தது, சற்றுத் தளர்வாகத் தைத்த, நேர்வெட்டுக் கீழோரமுள்ள அரைக்கைப் பருத்திச் சட்டை. நிறம் ஒன்றே ஒன்று, கோடும் கட்டமும் வேண்டாம். சட்டையின் நீளம் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் வேட்டியின் விழுச்சியை மறைத்துவிடும். காலுக்குத் தோல் செருப்பு. இந்தச் சட்டையும் செருப்பும் காமேஸ்வரனுடையவை அல்ல, ஆனால் மொத்தத் தோற்றத்தில் அவனுடைய அளவான தன்மை இருக்கிறது: ஒரு வெளிறிய நிறம், ஒரு மெல்லிய கோடு, மற்றதெல்லாம் உடம்பின் நடமாட்டத்துக்கு விட்ட இடம். இப்படி உடுத்திய என்னைப் பார்த்து இதுவரை எவரும் படத்தின் பெயரைச் சொன்னதில்லை. அதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு படத்திலிருந்து உடை எடுப்பவர் அந்தப் பாத்திரத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டால் அது ஒருநாள் விழாவுக்குத்தான் ஆகும். மறுநாள் கழற்றி வைக்கவேண்டி வரும்.

ஈரிழைத் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேட்டியைவிட அதுவே என்னை வியக்க வைத்தது. இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து நெய்வதால் அந்தப் பெயர். பூத்துவாலை எனும் டர்க்கித் துண்டைப் போலச் சுருளிழை கிடையாது. தட்டையாக, இலேசாக இருக்கும், மடித்தால் சட்டைப்பைக்குள்கூட அடங்கும். புதிதாக இருக்கும்போது நீரை உறிஞ்சாது, அதனால் பலர் ஏமாந்ததாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். கொதிநீரில் ஒருமுறை ஊறவைத்துத் துவைத்தபின் உறிஞ்சத் தொடங்குகிறது. ஒரு மாதத்தில் பூத்துவாலையை மிஞ்சுகிறது. பூத்துவாலை ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஈரமாகக் கிடந்து வாடை வீசும்போது, இது மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. தோளில் போட்டுக்கொண்டு போகிறேன். வியர்வை துடைக்க, பேருந்து இருக்கையைத் தட்ட, உச்சி வெயிலில் தலையில் போட, கோயிலில் இடுப்பில் கட்ட, திடீரென்று வாங்கிய கீரைக்கட்டைச் சுற்ற என்று ஒரு நாளில் ஐந்தாறு வேலைக்கு வந்துவிடுகிறது. படத்தில் காமேஸ்வரனின் கை அடிக்கடி தோள்துண்டுக்குப் போவதை நான் முன்பு நடிப்பு என்று நினைத்திருந்தேன். துண்டு போட்டுப் பழகிய எவருக்கும் கை தானாக அங்கேதான் போகும்.

பதினான்கு மாதத்தில் வேட்டி எங்கும் கிழியவில்லை. செருகும் இடத்தில் மட்டும் நூல் சற்று நைந்திருக்கிறது. மேல்-கீழ் ஓரங்களை மாற்றி மாற்றிக் கட்டினால் தேய்மானம் இரண்டு பக்கமும் பகிர்ந்துவிடும் என்பதைத் தாமதமாக அறிந்து இப்போது அப்படியே செய்கிறேன். கரையின் நிறம் சற்று மங்கியதில் எனக்குக் குறை இல்லை, புதிதாக இருந்ததைவிட அது துணியோடு நன்றாகவே கலந்திருக்கிறது. 1,250 ரூபாய்க்கு இரண்டு நல்ல விசைத்தறி வேட்டிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். தினமும் இயந்திரத்தில் துவைத்து, அழுத்தித் தேய்த்துக் கட்டுபவருக்கு அவையே பொருத்தம், அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கையால் அலசி, உதறி உலர்த்தி, இஸ்திரி இல்லாமலே மடித்து வைக்கும் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அடுத்த மாதம் மறுபடியும் குத்தாம்புள்ளிக்குப் போவதாக இருக்கிறேன். இந்த முறை கருநீலச் சிறுகரை வைத்து, அகலம் இரண்டு அங்குலம் கூடுதலாக ஒன்று நெய்து தரும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். அந்தத் தறியில் அடுத்த பாவு எனக்காக ஏறும் என்று அந்த அம்மா தொலைபேசியில் உறுதி கொடுத்திருக்கிறார்.